உரக்கப் பேசுகிற லேப்டாப்

காய்கறி மொத்தச் சந்தையில் அவளுக்குப் பூசணி என்று பெயர். ஆள் என்னவோ ஒல்லி. பார்த்தால் புடலங்காய் என்று கூப்பிடத்தான் தோன்றும். உடம்பைப் பார்த்து வந்த பெயர் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலையில் அவள் செய்த காரியத்துக்காகச் சந்தை அவளுக்குச் சூட்டிய பெயர்.

அந்தச் சந்தையில் ஏலம் எடுக்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. அங்கே இருக்கிற இரைச்சலில் திறந்தும் பிரயோசனமில்லை. ஏலக்காரர் கூவுகிற விலை சம்மதம் என்றால் கையைத் தூக்கி மோவாயில் வைப்பார்கள். அவ்வளவுதான், சரக்கு அவர்கள் தலையில். வைத்த கையை எடுத்துவிட்டு, சும்மா சொறிந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் அங்கே பழகினவர்கள் யாரும் மோவாயில் கை வைத்து அதிசயப்பட மாட்டார்கள். பட்டப்பகலில் நிலா தரையிறங்கினாலும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டுதான் வாயைப் பிளப்பார்கள்.

வெங்காயம் தரம் பிரிக்க வந்த புதுப்பெண்ணுக்கு இதை யாரும் சொல்லி வைக்கவில்லை. மேடையில் ஓர் இளைஞன் நின்று கூவிக்கொண்டிருந்தான். லாரிகளின் உறுமலையும், மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்தையும், தராசுகளின் கணகணப்பையும் தாண்டி அந்தக் குரல் வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒரு மனுசனுக்கு இத்தனை பெரிய குரலா என்று அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு மோவாயில் கை வைத்து நின்றாள். ஒரு வண்டி பூசணிக்காய் அவளுடையதாகிவிட்டது.

அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஏலம் போனது போனதுதான் என்று இளைஞன் சொல்லிவிட்டான். பிறகு மனசு கேட்காமல் சாயங்காலம் வரைக்கும் அவளோடு தெருவில் உட்கார்ந்து, அத்தனை காயையும் சில்லறையில் கூவி விற்றுக் கொடுத்தான். அவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆனபோது சந்தையில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இருந்திருந்தாலும் மோவாய்க்குக் கையைக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

அந்தக் குரல் இப்போது இல்லை. ஏலக்காரரின் தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரல்வளையையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்ததே பெரிது என்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பூசணியும் அதையே திருப்பிச் சொன்னாள், மனசாரத்தான் சொன்னாள். கழுத்துக் குழியில் இருக்கிற துளை வழியாக அவர் மூச்சு விட்டார். அதன்மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டார். சந்தைக்காரர்கள் நல்லவர்கள், எடைமேடையில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள். போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

அவர்கள் வீட்டில் பேச்சு என்றால் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிற பேச்சு இல்லை. அதற்கு யாருக்கு நேரம்? அவள் அடுப்பைப் பார்த்து நிற்பாள். அவர் முன்னறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பிப்பார். அவள் திரும்பாமலே பதில் சொல்வாள். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் பேச்சு நிற்காது. முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிற பேச்சிலேயே ஒரு மகளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து முடித்தாகிவிட்டது. பல நாள் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் சண்டையில் ஒரு குறை வைத்ததில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மகள் ஒரு வெள்ளைப் பலகையும் எழுதி அழிக்கிற பேனாவும் வாங்கித் தந்தாள். ஏலக்காரர் எழுதினார். எழுதினால் மட்டும் போதுமா? பூசணி அடுப்பை விட்டுத் திரும்ப வேண்டும். அவளைத் திருப்ப அவர் டம்ளரில் கரண்டியால் தட்ட வேண்டும். அவள் கையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படிப்பதற்குள், சொல்ல வந்த விஷயம் ஆறிப்போய்விடும். ஒரு தடவை அவள் அந்தப் பக்கம் திரும்பிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பலகையில் பால் பொங்குகிறது என்று எழுதித் தட்டினார். அவள் படித்து முடித்தபோது பால் அடுப்பை அணைத்திருந்தது. இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பிலும் சத்தம் இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் பலகையைக் கையில் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைமேல் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் காட்டினார்கள். வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். செல்போனிலும் மகள் முயற்சி செய்தாள். காலமெல்லாம் மூட்டை உருட்டின கட்டைவிரல் அது. ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. போனைக் கட்டிலில் வீசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் இரண்டு பேருடைய பேச்சையும் பூசணி ஒருத்தியே பேச ஆரம்பித்தாள். இன்றைக்குத் தக்காளி வரத்து கம்மியாமே என்பாள். ஆமாம், மழை அப்படி என்று அவருக்காக அவளே சொல்லிக்கொள்வாள். குழம்பு எப்படி என்று கேட்டு, பரவாயில்லை என்று அவளே பதிலும் சொல்வாள். இந்த மனுசன் பரவாயில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லையே, உப்பைப் பற்றியோ புளியைப் பற்றியோ ஏதாவது நொட்டை சொல்லியிருப்பாரே என்று ஒரு நாள் சட்டென்று உறைத்தது. தன் வீட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்பதுபோல அப்போது அவளுக்குப் பயமாக இருந்தது. எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறவர் உயிரோடு இருக்கிறார், சரி. இவளோடு மல்லுக்கு நின்றவர் எங்கே போனார்?

அடுத்த முறை வந்த மகள் தன் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். தட்டினதைத் தமிழில் வாய்விட்டு வாசிக்கிற ஒரு வசதி அதில் இருந்தது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும். படிப்பு பெரிதாக இல்லாவிட்டாலும் ஆங்கில எழுத்துகள் ஏலக்காரருக்கு அத்துப்படி. மூட்டைகளில் வியாபாரிகள் போடுகிற குறியெல்லாம் அவைதானே. பொத்தானுக்குப் பொத்தான் இடைவெளி இருந்ததால் விரலும் ஒத்துழைத்தது. "டீ வேணும்" என்று தட்டினார். லேப்டாப், செய்தி வாசிக்கிறவர் மாதிரி, டீ வேணும் என்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று உள்ளே போனது. ஆனால் பூசணி பார்த்துவிட்டாள். ஊருக்குத் திரும்பும்போது மகள் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் அது இருந்த இடத்தை அவர் அடிக்கடி பார்ப்பதையும் பூசணி பார்த்தாள்.

வாங்குவது என்று தீர்மானித்தாள். கையில் இருக்கிற பணத்துக்குள் வர வேண்டும், தினமும் புழங்கத் தாங்க வேண்டும். மகள் போனில் பாடம் எடுத்தாள். ரேம் எட்டுக்குக் குறையக் கூடாது. எஸ்எஸ்டி இருக்க வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க் வைத்ததைத் தொடவே கூடாது. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்க வேண்டும். வாரண்டி உள்ள புதுசாக எடுக்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. பூசணி பஸ்ஸில் இதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஏலக்காரர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்குக் கிளம்பச் சொன்னபோது வேண்டாம் என்று கையசைத்தவர், அவள் செருப்பை மாட்டியதும் பின்னாலேயே வந்திருந்தார்.

கடை குளுகுளு என்று இருந்தது. நீள மேசைகளில் லேப்டாப்புகள் வாயைத் திறந்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்து, ஆபீஸ் வேலைக்கா, படிக்கிறதுக்கா, கேம் விளையாடவா என்று கேட்டார்.

"தினமும் பேசறதுக்கு, தம்பி" என்றாள் பூசணி.

டைக்காரர் அதைப் புரிந்துகொண்ட விதமே வேறு. வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறார்கள் போல என்று நினைத்து, நல்ல கேமரா உள்ளதாகப் பார்த்து எடுத்து, முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் என்று அவள் முகத்தையே அவளுக்குக் காட்டினார். முகமெல்லாம் வேண்டாம், பேசினால் போதும் என்றாள் அவள். அப்புறம் தன் பின்னால் நின்றவரைக் கண்ணால் காட்டினாள். டைக்காரர் கழுத்துத் துணியைப் பார்த்தார். பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்து ஏலக்காரருக்குப் போட்டார். மகளோடு போனில் பேசி, எந்த வசதியைப் போட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். வேலையில் கெட்டிக்காரர்தான், கொஞ்ச நேரத்தில் மேசையில் இருந்த லேப்டாப்புகள் ஒவ்வொன்றாகத் தமிழ் பேச ஆரம்பித்தன. வணக்கம், எங்கள் கடைக்கு வந்ததற்கு நன்றி என்று சொல்லி வைத்தாற்போல எல்லாம் ஒன்றையே சொல்லின.

பூசணி ரேமையும் எஸ்எஸ்டியையும் ஒப்பித்தாள். எல்லாம் சரியாக இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். பிறகு அவள் தன் பரீட்சையைத் தொடங்கினாள். கடையின் கோடி மூலைக்கு நடந்து போனாள். அங்கே தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள், மேலே ஏசி இரைந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்ப பேசச் சொல்லுங்க" என்றாள் சுவரிடம்.

டைக்காரர் ஏலக்காரரைப் பார்த்தார். ஏலக்காரர் மேசையைப் பார்த்தார். சரி, வாடிக்கையாளர் இஷ்டம் என்று டைக்காரர் கத்தி மாதிரி மெலிசான வெள்ளி நிறத்து லேப்டாப்பைத் தட்டினார்.

"பேசிச்சா?" என்றாள் சற்று நேரம் பொறுத்து.

"பேசி முடிச்சிடுச்சும்மா."

அடுத்ததைப் பேசச் சொன்னாள். அது பேசியது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. இன்னொன்று ஜலதோஷம் பிடித்ததுபோல இருந்தது. கடைக்கு வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். லேப்டாப் வாங்க வந்து, லேப்டாப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்பிள்ளையை அவர்கள் பார்த்ததில்லை. டைக்காரரும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எதுக்கும்மா அங்கே போய் நிக்கறீங்க, பக்கத்துல வெச்சுத்தானே கேக்கப் போறீங்க என்று மெல்லக் கேட்டார்.

"பக்கத்துல உக்காந்து கேக்க எனக்கேது தம்பி நேரம்" என்றாள் அவள். "அடுப்படி வேலை ஓடிக்கிட்டிருக்கும். இவரு முன்னறையிலேருந்து ஒண்ணு சொல்லுவாரு. அது தானா வந்து என் முதுகுல விழணும். நான் திரும்பிப் பாத்தாத்தான் கேக்கும்னா, அதுக்கு எங்க வீட்டுல பலகை இருக்கு."

சொல்லிவிட்டு அவள் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டாள். ஏலக்காரர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் பலகையை ஏன் கீழே வைத்தோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போலும்.

சற்று யோசித்த டைக்காரர் உள்ளே போய்த் தடியான கறுப்பு லேப்டாப் ஒன்றைத் தூக்கி வந்தார். ஏதோ ஓர் ஆபீஸில் ஓடி முடித்து வந்ததைச் சுத்தம் செய்து மறுபடி விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். மூடியில் கீறல்கள், கனமோ கனம். அது வணக்கம் சொன்னதும் பூசணி திடுக்கிட்டுத் திரும்பிவிட்டாள். தண்ணீர் கேன்மேல் கவிழ்த்திருந்த டம்ளர் மெல்ல அதிர்ந்தது. பொத்தான்கள் குண்டு குண்டாக, விரல் போய் அமுங்கி எழுகிற ஆழத்தோடு இருந்தன.

டைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு, குறையையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் உங்கள் மகள் சொன்ன கணக்குதான். ஆனால் ஆள் பழசு. பேட்டரி பலவீனம், மாற்ற வேண்டியிருக்கும். வாரண்டியும் சொற்பம். இரண்டாவதாகப் பார்த்த புதுசையே எடுத்துக்கொண்டு, தனியாகச் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வைத்துக்கொண்டால் சத்தம் கூடும். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆள் நாற்காலியில் இருக்க, குரல் மட்டும் அலமாரியிலிருந்து வந்தால் அது ரேடியோ ஆகிவிடாதா என்று பூசணிக்கு இருந்தது. பொத்தான் விஷயமும் உறுத்தியது. புதுசில் பொத்தான்கள் தட்டையாக, பட்டால் வழுக்கின. போனில் மகளைக் கேட்டாள். பழசைக் கட்டிக்கொண்டு அழப் போகிறாயா, பேசாமல் புதுசை எடு என்று மகள் சத்தம் போட்டாள்.

ஆயிரம் மூட்டை வெங்காயத்தில் அழுகலைத் தொட்டுப் பார்த்தே ஒதுக்குகிறவள், இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவில் திணறிப்போனாள். இதைத் தொட்டாள், அதைத் தொட்டாள். தூக்கிப் பார்த்தாள், கீழே வைத்தாள். இது காய்கறி இல்லை. ஒருநாள் தப்பாகப் போனால் மறுநாள் லாரியில் வேறு வந்து இறங்காது. தப்பான ஒன்றைக் கொண்டுபோய், இதுவும் பலகை மாதிரி மூலைக்குப் போய்விட்டால், அப்புறம் அவரைப் பேச வைக்க வேறு எதுவும் மிச்சம் இல்லை. என்னங்க சொல்றீங்க என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, வழக்கம்போல அவர் பதிலையும் தானே சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் ஏலக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கறுப்பு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார்.

தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் சலித்து நகர்ந்துவிட்டார்கள். டைக்காரர் வேறொருவருக்குச் சார்ஜர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கே தட்டினால் அது பேசும் என்று அவரைப் பார்த்து ஏலக்காரர் புருவத்தால் கேட்டார். அவர் காட்டிக் கொடுத்தார். ஏலக்காரர் எழுந்து நின்றார். ஏலத்தை உட்கார்ந்துகொண்டு அவர் ஒருநாளும் விட்டதில்லை. நின்றபடியே பொத்தானை அமுக்கினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. கறுப்புச் சரக்கு" என்றது லேப்டாப். "ஆபீஸ்ல உழைச்சு ஓஞ்சது. என்னை மாதிரியே. மேல ரெண்டு கீறல் இருக்கு. என் கழுத்துல இல்லாத கீறலா. பேட்டரிக்கு மூச்சு கம்மி. எனக்கும் அதே கதைதான். மெலிசா வேணும்னா அந்தப் பக்கம் வெள்ளிச் சரக்கு இருக்கு, எடுத்துக்கிட்டு ஊமையாப் போங்க. இது வாயுள்ள சரக்கு. டை கட்டின தம்பி சொன்ன விலை. பேட்டரிய அவரே மாத்தித் தருவாரு. ஒரு தரம்."

வானிலை அறிக்கை வாசிக்கிற குரல் அது. ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் குறையைச் சொல்லிக் கேட்கிறவனைத் தன் பக்கம் இழுப்பது, எந்த இடத்தில் சிரிக்க வைத்து விலையை நுழைப்பது என்பதெல்லாம் அப்படியே அவருடையது. நகர்ந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சிரித்தாள். பேட்டரி மாற்றித் தருவதாக எப்போது சொன்னோம் என்று டைக்காரர் விழித்தார்.

ஏலக்காரர் குனிந்து மறுபடி தட்டினார். இவ்வளவு மெதுவான ஏலம் உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. ஆனால் கடையில் ஒருவரும் அசையவில்லை. அவர் விரல் அடுத்து எந்தப் பொத்தானுக்குப் போகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டு தரம்" என்றது லேப்டாப்.

பூசணிக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. சந்தையில் அவர் ரெண்டு தரம் சொல்லிவிட்டு நிறுத்துவாரே, அந்த நிறுத்தத்தில் லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பானே, அதே நிறுத்தம். போய்விட்டது, ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது இதோ இந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறது. அது தொண்டையில் இருந்ததே இல்லையா? அப்படியானால் இத்தனை நாளும் இந்த மனுசனுக்குள் அது அப்படியே உட்கார்ந்திருந்ததா? பக்கத்தில் படுத்துக்கொண்டு தனக்குத் தெரியாமல் போயிற்றே. அவளுக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

ஏலக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, அவசரமில்லாமல் தட்டி, அமுக்கினார்.

"மூணு தரம். பூசணி எடுத்தாச்சு."

அப்போதுதான் அவள் தன் கையைக் கவனித்தாள். அது மோவாயில் இருந்தது.

கூட்டத்துக்கு விஷயம் புரியவில்லை. நல்ல தமாஷ் என்று கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். டைக்காரர் மட்டும், அவசரமே இல்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள், புதுசுதான் உங்களுக்கு நல்லது என்று இன்னொரு தடவை சொன்னார்.

"வச்ச கைய எடுக்க முடியாது, தம்பி" என்றாள் பூசணி. "பேட்டரி மட்டும் புதுசா போட்டுக் குடுங்க. அவரு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாரு."

பேட்டரிக்குக் காத்திருந்த நேரத்தில் மகள் போனில் அழைத்தாள். பழசையா வாங்கினாய், நான் படித்துப் படித்துச் சொன்னேனே என்று அவள் பொரிந்ததைப் பூசணி முழுசாகக் கேட்டுக்கொண்டாள். உங்க அப்பா ஏலத்துல விட்டாரு, நான் எடுத்துட்டேன் என்று மட்டும் சொன்னாள். அப்பாவா, எப்படி விட்டார் என்று மகள் கேட்டாள். வந்து கேட்டுக்கோ என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏலக்காரர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸின் கண்ணாடி ஜன்னலில் தண்ணீர் வழிந்தது. பூசணி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் பழையபடி வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு உள்ளூரச் சந்தேகம் தட்டியது. கூட்டத்தைப் பார்த்தால் கூவாமல் இருக்க முடியாத ஜென்மம் அது. கடையில் நாலு பேர் நின்றார்கள், கூவினார். வீட்டில் கூட்டத்துக்கு எங்கே போவது? அங்கே நான் ஒருத்திதானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறை மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தார். ஒயரைச் சொருகினார். அதன் முன்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்வார் என்று நின்றாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. பொத்தான்களைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"எதாவது பேசுங்களேன்" என்றாள்.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பேச என்ன இருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடை முழுக்க நின்று கேட்டது; கட்டினவளுக்கு என்று வரும்போது பேச என்ன இருக்கிறதாம். விடுவிடு என்று சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கைத் தட்டில் கொட்டி, கத்தியை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று தோல் சீவ ஆரம்பித்தாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. வெளியே மழை வலுத்து, பக்கத்து வீட்டுத் தகரத்தில் சடசடத்தது. நாளைக்குச் சந்தைக்குள் முழங்கால் சேறு இருக்கும், மூட்டைகள் நனைந்தால் வெங்காயம் முளைவிடும் என்று நினைப்பு வேலையின் பக்கம் ஓடியது. ஆத்திரமும் மெதுவாகக் கைவேலையில் கரைந்துகொண்டிருந்தது.

"ஜன்னல சாத்து. சாரல் உள்ள அடிக்குது."

"கை வேலையா இருக்கேன்ல. எந்திரிச்சு வந்து சாத்தினா தேஞ்சா போயிடுவீங்க?" என்றாள் அவள், சீவிக்கொண்டே.

மழைச் சத்தத்துக்கு நடுவில் பொத்தான்கள் அமுங்கி எழும் சத்தம் டக்டக்கென்று வந்தது.

"நீ பக்கத்துல நிக்கிற. எட்டினா கைக்குப் படும். அதுக்கு நான் எழுந்து வரணுமா."

"ஆமா, ராஜா எழுந்து வந்துட்டாலும்" என்று முணுமுணுத்தபடி இடது கையை நீட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள். அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அதைச் சீவப் போன கத்தி பாதியில் நின்றது.

ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் சொன்னார், அவள் ஏசினாள், அவர் திருப்பி ஏசினார், அவள் சாத்தினாள். டம்ளரில் யாரும் தட்டவில்லை. அவள் திரும்பவில்லை, கண்ணாடியைத் தேடவில்லை. அவர் பங்கையும் சேர்த்து அவள் பேசவில்லை. பேச்சு அது பாட்டுக்கு வந்து முதுகில் விழுந்திருக்கிறது, பதில் அது பாட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கடகடவென்று இறங்கி, சீவி வைத்த கிழங்குமேல் விழுந்தது.

திரும்ப மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பினால் இது பெரிய விஷயம் ஆகிவிடும். அவர் கூச்சப்பட்டுப் பொத்தான் துடைக்கப் போய்விடுவார். இது தினமும் நடக்கிற சாதாரணமான காரியம் என்பதுபோல நிற்க வேண்டும். தோள் குலுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை.

பின்னால் மறுபடி டக்டக்கென்று சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள். இந்தத் தடவை அவர் வெகுநேரம் தட்டினார்.

"உருளக்கிழங்கு உரிச்சா எந்த ஊர்லயும் கண்ணு கலங்காது, பூசணி."

"எங்க ஊர்ல கலங்கும்" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டே. "மேல சொல்லுங்க."